டெங்கு கார்டில் தெரியும் சிவப்புக் கோடு: தங்கம் அங்கே என்ன வேலை செய்கிறது?

கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப் பக்கம் சின்ன அளவில் லேப் நடத்தும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "டெங்கு, மலேரியா ரேபிட் டெஸ்ட் கார்டுகளில் வரும் சிவப்புக் கோடு நிஜத் தங்கம் என்று டீலர் சொல்கிறார். 'நானோ கோல்டு' என்று பெட்டியில் அச்சடித்த ஒரு கிட்டுக்கு மற்றதைவிடக் கூடுதல் விலை கேட்கிறார். தங்கம் இருந்தால் ரிசல்ட் அதிகத் துல்லியமாக இருக்குமா? கோடு மங்கலாக வந்தால் பாசிட்டிவ் என்று எழுதலாமா? நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் இந்தக் கார்டு தாங்குமா?"

தம்பி, டீலர் சொன்னதில் பொய் இல்லை. அது நிஜத் தங்கம்தான். ஆனால் நீங்கள் இப்போது வாங்கிக்கொண்டிருக்கும் விலை குறைந்த கார்டிலும் சிவப்புக் கோடு வருகிறது என்றால் பெரும்பாலும் அதிலும் அதே தங்கம்தான் இருக்கும். கோடு நீலமாக வரும் சில வகைகளில் சாயம் ஏற்றிய பாலிஸ்டைரீன் மணிகளும், கறுப்பாக வருவதில் கரியும் இருக்கலாம். மற்றபடி சந்தையில் உள்ள ரேபிட் கார்டுகளில் பெரும்பகுதி தங்கத்தை நம்பித்தான் ஓடுகிறது. அதனால் அந்த ஒரு வார்த்தைக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். தங்கம் செய்வது நிறம் காட்டும் வேலை மட்டும். வைரஸின் புரதத்தைப் பிடிக்கும் வேலையைச் செய்வது அதன் மேல் ஒட்டியிருக்கும் ஆன்டிபாடி என்ற பிடிப்புப் புரதம். துல்லியம் என்பது அந்த ஆன்டிபாடியின் தரம், கார்டை வைத்திருந்த விதம், நீங்கள் அதைப் படித்த நேரம் இந்த மூன்றிலும்தான் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் உங்கள் மற்ற கேள்விகளுக்கும் பதில் தானாக வந்துவிடும்.

முதலில் எவ்வளவு தங்கம் என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் விலைப் பேச்சு அங்கேதான் தொடங்குகிறது. கார்டில் உள்ளது சுமார் 40 நானோமீட்டர் குறுக்களவுள்ள உருண்டைகள். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் 25,000 உருண்டைகளை வரிசையாக அடுக்கலாம், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 20 லட்சம் தங்க அணுக்கள் இருக்கும். அப்படியும் ஒரு கார்டுக்கு ஆகும் தங்கம் மைக்ரோகிராம் கணக்கில்தான். ஐந்து மைக்ரோகிராம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஒரு பவுன் தங்கத்தில் 16 லட்சம் கார்டு செய்துவிடலாம். அதாவது ஒரு கார்டில் தங்கத்துக்கான செலவு சில பைசா. கிட்டின் விலையை ஏற்றுவது ஆன்டிபாடி, திரவம் ஓடும் நைட்ரோசெல்லுலோஸ் சவ்வு, தரப் பரிசோதனை, அப்புறம் இடையில் உள்ளவர்களின் லாபம்.

மஞ்சளாக இருக்க வேண்டிய தங்கம் ஏன் சிவப்பாக இருக்கிறது என்ற சந்தேகம் பலருக்கு வரும். நகைத் தங்கத்தில் எலெக்ட்ரான்கள் தாராளமாக ஓடித் திரியும். 40 நானோமீட்டர் உருண்டைக்குள் அடைத்துவிட்டால் அவற்றுக்கு ஓட இடமில்லை, மேல் விழும் ஒளியோடு சேர்ந்து மொத்தமாக முன்னும் பின்னும் அசையும். அந்த அசைவு 520 நானோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் உள்ள பச்சை ஒளியை வலுவாக விழுங்கிவிடுகிறது. மிச்சம் வருவது நம் கண்ணுக்குச் சிவப்பு. மைக்கேல் ஃபாரடே 1857-இலேயே இப்படிச் சிவப்பாக இருந்த தங்கத் திரவத்தை வைத்து, இது மிக நுண்ணிய தங்கத் துகள்களால் வரும் நிறம் என்று சொல்லிவிட்டார். அவர் செய்த திரவம் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்னமும் பத்திரமாக இருக்கிறது. கணக்கோடு விளக்கியவர் குஸ்டாவ் மீ, 1908-இல். இந்த விழுங்கும் திறன் சாதாரணமானது அல்ல: ஒரு 40 நானோமீட்டர் உருண்டை, ஒரு சாய மூலக்கூறைவிட ஒரு லட்சம் மடங்கு வரை ஒளியை எடுத்துக்கொள்ளும். இயந்திரம் எதுவும் இல்லாமல், பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள காணி குடியிருப்பில் ஒரு கிராம சுகாதாரச் செவிலியர் வெறுங்கண்ணால் பார்த்துச் சொல்ல முடிகிறது என்றால் அதற்கு இதுதான் காரணம். இன்னொன்று, தங்கம் துருப்பிடிக்காது, நிறம் வெளுக்காது. சாயம் வெளிச்சத்தில் மங்கும், என்சைமுக்கு ஃபிரிட்ஜ் வேண்டும். ஒக்கி புயலுக்குப் பிறகு 2017 டிசம்பரில் நம் மாவட்டத்தில் பல ஊர்களுக்கு நாள்கணக்கில் கரண்ட் இல்லை, நினைவிருக்கும். 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டிய எலைசா (லேபில் என்சைம் வைத்துச் செய்யும் ஆன்டிபாடிச் சோதனை) ரசாயனங்கள் அந்த மாதிரி நேரத்தில் தேறாது. அலமாரியில் வைத்த கார்டு தேறும்.

தங்கத் திரவம் செய்வது பெரிய வித்தை இல்லை, கல்லூரி வேதியியல் ஆய்வகத்திலேயே செய்யலாம். 1951-இல் டர்கெவிச் குழு விளக்கிய முறை, 1973-இல் ஃபிரென்ஸ் அதைச் சீர்படுத்தினார். தங்கச் சேர்மமான குளோரோ ஆரிக் அமிலத்தை மிக நீர்த்த கரைசலாக எடுத்துக் கொதிக்க வைத்து, நன்றாகக் கலக்கிக்கொண்டே சோடியம் சிட்ரேட்டைச் சட்டென்று ஊற்ற வேண்டும். இளமஞ்சள் முதலில் நிறமற்றுப் போகும். பிறகு சாம்பல் கலந்த நீலமாக இருண்டு, சில நிமிடங்களில் கண்ணெதிரே ஒயின் சிவப்பாக மாறும். சிட்ரேட்டை அதிகம் ஊற்றினால் உருண்டை சிறியதாகும், குறைத்தால் பெரியதாகும். சிறிய உருண்டையில் நிறம் பத்தாது, மிகப் பெரியது சவ்வில் சரியாக ஓடாது, அடியில் படியும். 40 என்பது அந்த இரண்டுக்கும் நடுவே கிடைத்த சமரசம்.

கஷ்டம் அதற்குப் பிறகுதான். இந்தத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் மிதப்பது அவற்றின் மேல் உள்ள எதிர்மின்சுமையால். நம் ஊரில் ரப்பர் பால் எப்படி என்று உங்களுக்குத் தெரியும், டிஷ்ஷில் ஊற்றி ஆசிட் விட்டால் உறைந்து ஷீட் ஆகிவிடும், அமோனியா சேர்த்து வைத்தால் பாலாகவே இருக்கும். தங்கத் திரவமும் அதே குணம்தான், துகள்களின் மின்சுமையைக் கெடுத்தால் ஒன்றுகூடிவிடும். கொஞ்சம் உப்பு போட்டால் சிவப்பு போய் ஊதா, நீலம் என்று மாறி அடியில் படிந்துவிடும். ஆனால் துகளைச் சுற்றி ஆன்டிபாடி போன்ற ஒரு புரதம் போதுமான அளவு போர்த்தியிருந்தால் உப்பு போட்டாலும் சிவப்பு மாறாது. பிளஸ் டூ வேதியியலில் 'தங்க எண்' என்று மனப்பாடம் செய்தோமே, 10 மில்லி தங்கக் கூழ்மத்தில் 1 மில்லி 10 சதவீத உப்புக் கரைசலை விட்டாலும் அது திரியாமல் காக்க எத்தனை மில்லிகிராம் பாதுகாப்புக் கூழ்மம் வேண்டும் என்று, அதேதான் இது. அந்த எண்ணைக் கொடுத்தவர் சிக்மாண்டி, 1925-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. தேர்வுக்கு மட்டும் படித்து மறந்த அந்தச் சோதனையை, கார்டு தயாரிக்கும் கம்பெனிகள் ஏறக்குறைய அதே வடிவில் செய்கின்றன: ஒவ்வொரு குழாயிலும் ஆன்டிபாடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, உப்பு விட்டு, எந்தக் குழாயிலிருந்து சிவப்பு நிலைக்கிறது என்று பார்த்து அளவை முடிவு செய்வார்கள். நோய் கண்டுபிடிக்கத் தங்கத்தைப் பயன்படுத்துவதும் நேற்று வந்த புதுமை இல்லை. 1912-இலேயே கார்ல் லாங்கே என்பவர் தண்டுவட நீரைத் தங்கக் கூழ்மத்தோடு கலந்து, நிறம் திரிவதைப் பார்த்து நரம்பு மண்டலத்தைத் தாக்கிய சிபிலிஸைக் கண்டறியும் சோதனையைக் கொண்டுவந்தார். ஆன்டிபாடி போர்த்திய தங்கத்தை வைத்து நெதர்லாந்தில் லெவரிங் குழு 1980-இல் வெளியிட்ட சோதனைதான் இன்றைய கார்டுகளுக்கு நேர் முன்னோடி.

கார்டுக்குள் நடப்பதைச் சொல்கிறேன், உங்களுக்குப் பாதி தெரிந்திருக்கும். ரத்தமும், கிட்டோடு வரும் கரைசலான பஃபரும் விட்ட குழிக்குப் பக்கத்தில் ஒரு பட்டையில் தங்கத்துகள்கள் காய்ந்த நிலையில் இருக்கின்றன. ஈரம் பட்டதும் கரைந்து எழுந்து, ஜன்னலில் இளஞ்சிவப்பு அலையாக நகர்வதை நீங்களே பார்த்திருப்பீர்கள். போகிற வழியில் டெங்குவின் என்எஸ்1 புரதம் இருந்தால் தங்கத்தின் மேல் உள்ள ஆன்டிபாடி அதைப் பிடித்துக்கொள்ளும். டி (டெஸ்ட்) கோட்டில் பதித்து வைத்த இன்னொரு ஆன்டிபாடி அதே புரதத்தின் மறுபக்கத்தைப் பிடிக்கும். நடுவே புரதம் மாட்டிக்கொள்ள, தங்கம் அங்கே குவிகிறது, கோடு தெரிகிறது. புரதம் இல்லையென்றால் தங்கம் நிற்காமல் சி (கன்ட்ரோல்) கோட்டுக்குப் போகும். அங்கே உள்ளது தங்கத்தின் மேல் இருக்கும் ஆன்டிபாடியையே பிடிக்கும் இன்னொரு ஆன்டிபாடி.

இதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சி கோடு வந்துவிட்டால் டெஸ்ட் சரியாக நடந்துவிட்டது என்று பல லேப்களில் நினைக்கிறார்கள். திரவம் ஓடியது, தங்கம் எழுந்தது, இவ்வளவுதான் அதற்கு அர்த்தம். நோயாளியின் ரத்தத்தையே விடாமல் வெறும் பஃபரை விட்டாலும் பெரும்பாலான கார்டுகளில் சி கோடு அழகாக வரும். அதனால் மாதிரியின் அளவில் கவனம் வேண்டும். அதே போல ஒரு கிட்டின் பஃபர் தீர்ந்துவிட்டால் வேறு கிட்டின் பஃபரையோ சலைனையோ விடும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள். மேலே சொன்ன உப்பு விஷயம் இங்கேதான் வருகிறது. தங்கத்தைக் கலைக்காமல் பட்டையிலிருந்து எழுப்பவும், தேவையில்லாத இடத்தில் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளவும் அந்தக் குறிப்பிட்ட கார்டுக்கென்று அளந்து செய்தது அந்தப் பஃபர். மாற்றினால் பொய்யான கோடும் வரலாம், வரவேண்டிய கோடு வராமலும் போகலாம்.

மங்கலான கோடு. கிட்டோடு வந்த தாளில் எத்தனை நிமிடத்தில் படிக்கச் சொல்லியிருக்கிறதோ, 15 என்றோ 20 என்றோ, அந்த நேரத்துக்குள் நிறத்தோடு டி கோடு தெரிந்தால், எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அது பாசிட்டிவ்தான். நேரம் கடந்து, சவ்வு காயும்போது தோன்றும் கோட்டுக்கு மதிப்பில்லை. ஓடிக்கொண்டிருந்த தங்கம் ஈரம் வற்றும்போது பிடி இல்லாமலேயே கோட்டின் மேல் தங்கிவிடும். மதியம் போட்ட கார்டைச் சாயங்காலம் திரும்ப எடுத்துப் பார்த்து ரிப்போர்ட்டைத் திருத்துவது தவறு. ஓஹோ, அப்படியானால் எல்லாக் கார்டுக்கும் கோடு வந்தால் பாசிட்டிவா என்றால் அதுவும் இல்லை. சிறுநீரில் போதைப் பொருள் பார்க்கும் கார்டுகளில் கதை தலைகீழ், கோடு வந்தால் நெகட்டிவ். சின்ன மூலக்கூறை இரண்டு பக்கமும் பிடிக்க முடியாததால் போட்டி முறையில் செய்திருப்பார்கள்.

ஆனால் கார்டில் பாசிட்டிவ் என்பதும் நோயாளிக்கு டெங்கு என்பதும் ஒன்றல்ல, அதே போல நெகட்டிவ் என்றால் டெங்கு இல்லை என்றும் ஆகாது. இங்கே காய்ச்சல் வந்து எத்தனையாவது நாள் என்பதுதான் பெரிய கேள்வி. ரத்தம் எடுக்கும்போதே "பனி பிடிச்சு எத்தன நாளாச்சு" என்று கேட்டு ரிப்போர்ட்டிலேயே எழுதிவிடுங்கள். என்எஸ்1 முதல் நாளிலிருந்தே இருக்கும், நாள் ஆக ஆகக் குறையும். தொற்றுக்கு எதிராக உடம்பு முதலில் உண்டாக்கும் ஐஜிஎம் ஆன்டிபாடி ஐந்தாம் நாளுக்குப் பிறகுதான் நம்பிப் பார்க்கும் அளவுக்கு ஏறும். ஏற்கனவே ஒருமுறை டெங்கு வந்தவருக்கு உடம்பில் உள்ள பழைய ஆன்டிபாடிகள் என்எஸ்1 புரதத்தைப் பொதிந்து மறைத்துவிடுவதால் கார்டு தவறவிடும் வாய்ப்பு கூடுதல். ரப்பர் மரங்களில் கட்டிய சிரட்டையிலும் கப்பிலும் மழைநீர் தேங்கி ஏடிஸ் கொசு பெருகும் நம் பகுதியில் இரண்டாம் முறை டெங்கு என்பது அபூர்வம் இல்லை. அரசின் வழிகாட்டுதலும், உறுதி செய்ய எலைசாவைத்தான் சொல்கிறது: முதல் நாட்களில் என்எஸ்1 எலைசா, ஐந்தாம் நாளுக்குப் பின் ஐஜிஎம் எலைசா. ஆகவே உங்கள் ரிப்போர்ட்டில் 'ரேபிட் கார்டு முறை' என்று தெளிவாகப் போட்டு, எலைசா வசதி உள்ள இடத்தில் உறுதி செய்யச் சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் ஐஜிஎம் கார்டுக்கு இன்னும் அதிக எச்சரிக்கை வேண்டும், வேறு காய்ச்சல்களிலும் அது கோடு காட்டுவது உண்டு.

மலேரியா கார்டில் வேறு ஒரு பிரச்சினை. தூத்தூர் பக்கம் ஆழ்கடலுக்குப் போய் மங்களூர், குஜராத் கரைகளில் தங்கித் திரும்புகிறவர்களுக்கு நீங்கள் கார்டு போடுவீர்கள். ஃபால்சிபாரம் என்ற மலேரியா வகைக்கான கோடு எச்ஆர்பி2 என்ற புரதத்தைப் பிடிக்கிறது. கிருமி செத்த பிறகும் அது சில வாரங்கள் ரத்தத்தில் சுற்றும். அங்கேயே மாத்திரை சாப்பிட்டு முடித்து வந்தவருக்கும் கோடு வரும். அவருக்கு மறுபடி மருந்து வேண்டுமா என்பதை ரத்தத் தடவலை மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இதற்கு நேர் எதிரானது, புரதம் மிக அதிகமாக இருந்தால் கோடு மங்குவது. தங்கத்தின் மேல் உள்ள ஆன்டிபாடிகள் ஒரு பக்கம் நிரம்பிவிடும், கோட்டில் உள்ளவை மறுபக்கம் தனியாக நிரம்பிவிடும், இரண்டையும் இணைக்க யாரும் மிச்சமில்லை. நச்சுக்கொடித் திசு கட்டுக்கடங்காமல் வளரும் முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தில் எச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோனின் அளவு எக்கச்சக்கமாக ஏறும்போது கர்ப்பப் பரிசோதனைக் கார்டு நெகட்டிவ் காட்டியிருக்கிறது. டாக்டர் சந்தேகப்பட்டால் சிறுநீரைத் தண்ணீரில் நீர்க்கச் செய்து திரும்பப் போட்டுப் பாருங்கள். நெகட்டிவாக இருந்தது பாசிட்டிவ் ஆனால் உடனே டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், அது தாமதிக்கும் விஷயம் இல்லை.

இனி வெயிலும் மழையும். தங்கம் எதற்கும் அசையாது, ஆனால் அதன் மேல் உள்ள ஆன்டிபாடி புரதம். பெட்டியில் 30 டிகிரி வரை என்று அச்சடித்திருந்தால் ஏப்ரல் மாத மதியத்தில் ஓட்டுக் கூரை அறையில் வைத்த பெட்டி அதைத் தாண்டிவிடும், பைக்கின் பக்கப் பெட்டியில் வந்தால் சொல்லவே வேண்டாம். சுவரில் ஒரு தெர்மாமீட்டரை மாட்டி, தினமும் மதியம் ஒருமுறை பார்த்து எழுதி வையுங்கள். அதைவிடவும் நம் மாவட்டத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது ஈரம். இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர், குளச்சல், முட்டம் மாதிரி கடலோரத்தில் மழை இல்லாத நாளிலும் காற்றில் ஈரம்தான். பாக்கெட்டைப் பிரித்துவிட்டுக் கார்டை மேஜையில் போட்டு வைத்தால் காய்ந்திருந்த தங்கப் பட்டை காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும். அப்புறம் பஃபர் விடும்போது தங்கம் முழுதாக எழாது, அலை வெளிறிப் போகும், மங்கலான கோடு காணாமலேயே போகும். நோயாளி வந்து ரத்தம் எடுத்த பிறகுதான் பாக்கெட்டைப் பிரிக்க வேண்டும். உள்ளே இருக்கும் சிலிக்கா பொட்டலத்தில் நிறம் மாறும் மணி இருந்தால், மாறியிருக்கும் கார்டைத் தயங்காமல் தூக்கிப் போடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் வெளியே எடுத்து அறைச் சூட்டுக்கு வந்த பிறகே பிரிக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே வியர்த்துவிடும்.

வெள்ளி, பிளாட்டினம் பற்றியும் ஒரு வார்த்தை, டீலர் அடுத்து அதைக் கொண்டுவரலாம். வெள்ளித் துகள் மஞ்சளாகத் தெரியும், நிறம் வலுவானதுதான், ஆனால் தங்கம் மாதிரி நிலைத்து நிற்காது, கெட்டுவிடும். அதை நேரடியாக விடாமல், கோட்டில் குவிந்த தங்கத்தின் மேல் வெள்ளியைப் படிய வைத்துக் கோட்டைப் பெரிதாக்கும் முறை உண்டு. பழைய ஃபிலிம் கழுவும் வேதியியல் தெரிந்த ஃபியூஜிஃபிலிம் அதை வைத்தே எச்ஐவி உள்ளவர்களின் சிறுநீரில் காசநோயைப் பார்க்கும் ஒரு கார்டைச் செய்தது. பிளாட்டினம் பூசிய தங்கத் துகள் என்சைம் போல வேலை செய்து சாயத்தைக் கறுக்க வைக்கும், லண்டன் இம்பீரியல் காலேஜில் 2018-இல் எச்ஐவியின் பி24 புரதத்தை மிகக் குறைந்த அளவில் இப்படிப் பிடித்துக் காட்டினார்கள். இதெல்லாம் எனக்கு உண்மையாகவே நம்பிக்கை தரும் வேலைகள், காரணம் வெறுங்கண்ணுக்குத் தெரியும் கார்டின் பலவீனம் மிகக் குறைந்த அளவைப் பிடிக்க முடியாததுதான். மாரடைப்புக்கான ட்ரோபோனின் கார்டு தொடக்க மணி நேரங்களில் நெகட்டிவ் காட்டுவது இதனால்தான், நெஞ்சுவலியோடு வந்தவரை அந்த ஒரு கார்டை நம்பி வீட்டுக்கு அனுப்பவே கூடாது.

ஆக எந்தக் கிட் வாங்குவது? 'நானோ கோல்டு' என்ற எழுத்தை விட்டுவிட்டுப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 2017-ஆம் ஆண்டு மருத்துவக் கருவிகள் விதிகளின்படி உரிம எண் இருக்கிறதா, எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருக்கிறதா, உள்ளே உள்ள தாளில் எத்தனை பேரிடம் எதனோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். புதிய லாட் வரும்போதெல்லாம், எலைசாவில் உறுதியான ஒரு பாசிட்டிவ் சீரமும் ஒரு நெகட்டிவ் சீரமும் போட்டுப் பார்த்து ரெஜிஸ்டரில் லாட் எண்ணோடு குறித்து வையுங்கள். இரண்டு கார்டு செலவாகும், போகட்டும். டீலரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: குடோனிலிருந்து கருங்கல் வரை இந்தப் பெட்டி எந்தச் சூட்டில் வந்தது? அதற்குப் பதில் வைத்திருப்பவரிடம் வாங்குங்கள்.